உரிமை கோரப்படாத உடலும் உவந்தளித்த உடலும்

எமது பத்திரிகைகளின் மரண அறிவித்தல் பக்கங்களைத் தொடர்ந்து வாசித்து வருவோர், இடையிடையே வழமைக்கு மாறான ஒரு வசனத்தைக் கண்டிருப்பர். "பூதவுடல் தகனக் கிரியைக்காக எடுத்துச் செல்லப்படும்" என்று முடியவேண்டிய அறிவித்தல், "அன்னாரின் விருப்பத்துக்கிணங்க மருத்துவபீட மாணவர்களின் கற்கைக்காகக் கையளிக்கப்படும்" என்று முடிந்திருக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர், பொதுப்பணியில் ஈடுபட்டவர், சில வேளைகளில் எவருமறியாத ஒரு குடும்பத் தலைவி என்று பலதரப்பட்டோர் பற்றியும் இத்தகைய அறிவித்தல்கள் வெளிவருகின்றன. இதனை வாசிப்போரில் சிலர் மெய்சிலிர்க்கின்றனர். சிலர் "இப்படியும் செய்யலாமோ" என்று மனம் துணுக்குறுகின்றனர். இவ்விரு உணர்வுகளுமே நியாயமானவை என்பதே எமது கருத்தாகும். ஏனெனில் இறந்த மனிதரின் உடலை வெட்டிப் பார்த்துக் கற்பதென்பது மருத்துவக் கல்விக்கு இன்றியமையாததாக இருந்துவந்துள்ள அதேவேளை, அதன் வரலாறு பெருமைப்படத்தக்க வரலாறல்ல.

முதலில் அதன் தேவையை நோக்குவோம். மருத்துவபீடத்தில் அடியெடுத்து வைக்கும் மாணவர் உடற்கூற்றியலை நூல்களிலும் வரைபடங்களிலும் கற்கலாம். எனினும் வரைபடத்தில் நாடி சிவப்பாகவும் நாளம் நீலமாகவும் நரம்பு மஞ்சளாகவும் இருக்கும். உண்மையான உடலில் அவை கொழுப்புக்கும் இணைப்பிழையங்களுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரே நிறத்தில் மறைந்து கிடக்கின்றன. அன்றியும், ஒருவரது உடலில் ஒரு நாடி செல்லும் வழியிலேயே இன்னொருவரது உடலில் செல்லும் என்பதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை. பித்தப்பையை அகற்றும் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் இவ்வேறுபாட்டை அறியாதிருப்பாராயின் அதன் விலையைச் செலுத்துபவர் நோயாளியே. ஆகவே, உயிருள்ள உடலில் தவறிழைக்காதிருப்பதற்காக உயிரற்ற உடலில் கற்றுக்கொள்ளும் முறை தோன்றியது. இறந்தவரின் நாடியொன்றினூடாகப் போமலின் கலந்த திரவத்தைச் செலுத்தி, உடல் அழுகாமற் பதப்படுத்தப்படுகின்றது. பின்னர் மாணவர்கள் குழுக்களாகப் பிரிந்து பல மாதங்கள் அவ்வுடலைப் பகுதி பகுதியாகக் கூறாய்ந்து கற்கின்றனர்.

இது மேலைத்தேயத்தவர் கொண்டுவந்த வழக்கம் மட்டுமல்ல. பண்டைய இந்தியாவின் சுசுருத சங்கிதை, சடலத்தைப் புல்லினாற் சுற்றிக் கூட்டினுள் வைத்து ஓடும் நீரில் ஏழு இரவுகள் ஊறவிட்டு, பின்னர் தோல் முதல் உள்ளுறுப்புகள் வரை படிப்படியாகத் தேய்த்து அகற்றிக் கண்ணாற் கண்டு கற்கவேண்டுமென மருத்துவ மாணவருக்கு விதித்தது. பிற்காலத்தில் இவ்வழக்கம் அருகிப்போயிற்று. 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா மனித உடலைக் கூறாய்வு செய்தபோது அது சமூகத் தடையொன்றை உடைத்த பெருநிகழ்வாகவே கருதப்பட்டது. யாழ்ப்பாணத்துக்கு 1847இல் வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சமுவேல் கிறீன், மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூற்று நூல்களை 'அங்காதிபாதம்' என்ற பெயரில் தமிழுக்குக் கொணர்ந்தமையையும் நாம் இங்கு நினைவுகூர வேண்டும்.

அறிவின் தேவை இவ்வாறிருக்க, அந்த உடல்கள் எங்கிருந்து வந்தன என்ற கேள்வியிலேதான் அறத்தின் சிக்கல் தொடங்குகின்றது. பிரித்தானியாவில் 1752ஆம் ஆண்டின் சட்டம் கொலைக்குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டோரின் உடல்களைக் கூறாய்வுக்கு வழங்கியது. கூறாய்வு அங்கு கல்வியாக அன்றி, மரண தண்டனைக்கு மேலதிகமான ஓர் அவமானமாகவே விதிக்கப்பட்டது. மருத்துவக் கல்விக்கூடங்கள் பெருகியபோது தூக்குமேடை தந்த உடல்கள் போதவில்லை. புதைகுழிகளை இரவில் தோண்டி உடல்களைத் திருடி விற்கும் ஒரு தொழிலே உருவானது.

அதன் உச்சக்கட்டம் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் நிகழ்ந்தது. வில்லியம் ஹெயர் என்பவரின் விடுதியில் தங்கியிருந்த முதியவர் ஒருவர் நான்கு பவுண் வாடகைக் கடனுடன் இயற்கை மரணமெய்தினார். ஹெயரும் அவரது நண்பர் வில்லியம் பேர்க்கும் கடனை ஈடுசெய்வதற்காக அவ்வுடலை உடற்கூற்று விரிவுரையாளர் ரொபேர்ட் நொக்ஸின் கல்விக்கூடத்துக்கு ஏழு பவுண் பத்து ஷில்லிங்குக்கு விற்றனர். இலாபத்தின் சுவையறிந்த இருவரும் அடுத்துவந்த மாதங்களில் 16 பேரைக் கொன்று விற்றனர். கொல்லப்பட்டோர் பெரும்பாலும் ஏழைகளும் வழிப்போக்கர்களும் தேடுவார் அற்றவர்களுமாவர். அந்நகர வீதிகளில் எல்லோரும் அறிந்திருந்த மனவளர்ச்சி குன்றிய இளைஞர் ஒருவரும் அவர்களுள் அடங்குவார். ஹெயர் அரச தரப்புச் சாட்சியாக மாறித் தப்பித்துக்கொள்ள, பேர்க் 1829 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டு, தானும் கூறாய்வு செய்யப்பட்டார். அவரது எலும்புக்கூடு இன்றும் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் உள்ளது. உடல்களை வாங்கிய நொக்ஸ் மீது வழக்கே தொடுக்கப்படவில்லை.

மக்களின் சீற்றம் அடங்கவில்லை. 1831 டிசம்பரில் அபர்டீன் நகரில் மக்கள் திரண்டு உடற்கூற்றுக் கூடமொன்றைத் தீக்கிரையாக்கினர். இதன் விளைவாக 1832இல் பிரித்தானியப் பாராளுமன்றம் உடற்கூற்றியற் சட்டத்தை நிறைவேற்றியது. கொலையாளிகளின் உடல்களைக் கூறாய்வு செய்யும் வழக்கம் ஒழிக்கப்பட்டது. அதற்குப் பதிலாக, ஏழைகள் விடுதிகளிலும் வைத்தியசாலைகளிலும் இறந்து, உறவினர் எவரும் உரிமை கோராத உடல்களை அவ்விடங்களின் பொறுப்பாளர்களே மருத்துவக் கல்விக்கு வழங்க வழிவகுக்கப்பட்டது. உயிருடன் இருக்கையில் எழுத்துமூலமோ இரு சாட்சிகள் முன்னிலையிலோ ஆட்சேபம் தெரிவித்தவருக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது.

இச்சட்டம் புதைகுழித் திருட்டை ஒழித்தது உண்மையே. ஆயினும் அது செய்த மாற்றத்தைச் சற்று உற்றுநோக்குதல் வேண்டும். நேற்றுவரை கொலைகாரனுக்கு விதிக்கப்பட்ட தண்டனை அன்று முதல் வறியவனின் விதியாயிற்று. எழுத்தறியாத, தனக்கு அப்படியொரு உரிமை இருப்பதையே அறியாத ஒரு முதியவர் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை என்பதை அவரது சம்மதமாக எடுத்துக்கொண்டது சட்டம். உறவினர் உரிமை கோரவில்லை என்பதற்கு அவர்கள் அன்பற்றவர்கள் என்பது பொருளல்ல. அடக்கச் செலவுக்குப் பணமில்லாமையே பல வேளைகளில் அதன் பொருளாக இருந்தது. அதே 1832ஆம் ஆண்டில் மறைந்த தத்துவஞானி ஜெரமி பெந்தம் தமது உடலைக் கூறாய்வுக்கென எழுதிவைத்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. ஒரே ஆண்டில் இரு பாதைகள் திறந்தன. ஒன்று தானாக உவந்தளித்தவரின் பாதை. மற்றையது மறுக்க வாயற்றவரின் பாதை. அடுத்த நூறாண்டுகளுக்கு மேலாக மருத்துவ உலகம் இரண்டாவது பாதையிலேயே பெரிதும் நடந்தது.

மறுக்க வாயற்றவரின் உடல் மீது அதிகாரத்துக்கு வரம்பில்லாதபோது என்ன நிகழும் என்பதை நாஸிகளின் காலம் காட்டியது. வியன்னா பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் நிறுவகத்துக்கு அக்காலப்பகுதியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட குறைந்தது 1,377 பேரின் உடல்கள் வழங்கப்பட்டதாக அப்பல்கலைக்கழகம் நியமித்த ஆய்வுக்குழு 1998இல் வெளிப்படுத்தியது. அந்நிறுவகத்தின் தலைவரும் நாஸிக் கட்சி உறுப்பினருமான எட்வார்ட் பேர்ன்கொப் உருவாக்கிய உடற்கூற்று வரைபடத் தொகுதி, உலகெங்கும் சத்திரசிகிச்சை நிபுணர்களால் பல தசாப்தங்களாக வியந்து பயன்படுத்தப்பட்ட ஒன்றாகும். அழகிய அவ்வரைபடங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் யார் என்ற வினா அரை நூற்றாண்டுக்குப் பின்னரே உரக்க எழுப்பப்பட்டது. பேர்லினில் அவ்வாறு கொல்லப்பட்டோரின் இழையங்களைக் கொண்ட ஏறத்தாழ 300 நுணுக்குக்காட்டித் தட்டுகள் 2019 மே மாதத்தில் மயானமொன்றில் மரியாதையுடன் நல்லடக்கம் செய்யப்பட்டன. விரல் நகமளவு இழையத்துக்கும் ஒரு மனிதருக்குரிய இறுதி மரியாதை உண்டென்பதை அந்நிகழ்வு உணர்த்திற்று.

இத்தகைய அனுபவங்களிலிருந்து ஒரு கொள்கை மெல்ல மெல்ல உருப்பெற்றுள்ளது. உயிருடன் இருக்கும்போது, விளங்கிக்கொண்டு, கட்டாயமின்றி ஒருவர் தாமே அளித்த சம்மதம் ஒன்றே அவரது உடலைக் கற்கைக்குப் பயன்படுத்துவதற்கான நியாயமான அடிப்படை என்பதே அதுவாகும். பிரித்தானியாவின் 2004ஆம் ஆண்டு மனித இழையங்கள் சட்டம், உடற்கூற்றுக் கற்கைக்கு இறந்தவர் தாமே எழுத்தில் அளித்த சம்மதத்தைக் கட்டாயமாக்கியது. உறவினர் கூட அவருக்காகச் சம்மதிக்க முடியாது. உடற்கூற்றியலாளர் சங்கங்களின் சர்வதேச சம்மேளனம் 2012இல் வெளியிட்ட பரிந்துரைகளும் இதனையே வலியுறுத்தின. நியூயோர்க் மாநிலம் 2016இல், உரிமை கோரப்படாத உடல்களை எழுத்துமூலச் சம்மதமின்றி மருத்துவக் கல்லூரிகளுக்கு வழங்குவதைத் தடைசெய்தது. எனினும் அதே அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், உறவினருக்குத் தெரியாமலே பலரது உடல்கள் மருத்துவ நிலையமொன்றினால் பயன்படுத்தப்பட்டமை 2024இல் ஊடக விசாரணையொன்றின் மூலம் அம்பலமாகி, அத்திட்டம் இடைநிறுத்தப்பட்டது. வசதி படைத்த நாட்டிலும் ஏழையின் உடல் இலகுவிற் கைமாறுகின்றது என்பதே இதன் பாடமாகும்.

எமது அயல்நாடான இந்தியாவில் 1949ஆம் ஆண்டின் பம்பாய் உடற்கூற்றியற் சட்டம் போன்ற மாநிலச் சட்டங்கள் உரிமை கோரப்படாத சடலங்களை மருத்துவக் கல்விக்கு வழங்க இடமளித்து வந்துள்ளன. உலகின் மருத்துவ மாணவர்களுக்கு எலும்புக்கூடுகளை வழங்கிய பிரதான நாடாகவும் இந்தியா நெடுங்காலம் விளங்கியது. 1985இல் அந்த ஏற்றுமதி தடைசெய்யப்படும்வரை, அவ்வெலும்புகள் எவருடையவை என்று வாங்கியோர் கேட்டதாகத் தெரியவில்லை. மறுபுறத்தில், மேற்கு வங்கத்தின் முன்னாள் முதலமைச்சர் ஜோதி பாசு 2010 ஜனவரியில் காலமானபோது, பெருந்திரளான மக்களின் அஞ்சலியின் பின்னர் அவரது உடல் அவரது விருப்பப்படியே கல்கத்தாவிலுள்ள அரச வைத்தியசாலையிடம் மருத்துவக் கற்கைக்காகக் கையளிக்கப்பட்டமையும் அதே இந்தியாவில்தான்.

இலங்கையைப் பொறுத்தவரையில் நாம் ஓரளவு தலைநிமிர்ந்து நிற்கலாம். 1870இல் கொழும்பில் ஆரம்பமான மருத்துவக் கல்வி, 1962இல் பேராதனையிலும் 1978இல் யாழ்ப்பாணத்திலுமாக விரிவடைந்தபோது, உடல்களின் தேவையும் பெருகியது. 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழையங்கள் மாற்றீட்டுச் சட்டம், ஒருவர் தமது உடலைச் சிகிச்சைக்கோ கல்விக்கோ ஆய்வுக்கோ நன்கொடையாக அளிப்பதற்குச் சட்ட அங்கீகாரம் வழங்கியது. எமது மருத்துவபீடங்கள் பெரிதும் தங்கியிருப்பது இவ்வாறு தாமாக முன்வருவோரிலேயே என்பது பெருமைக்குரிய விடயமாகும். வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் ஆரம்பித்த கண்தானச் சங்கம், தன் கண்களையே ஈந்த சிவி மன்னனின் ஜாதகக் கதையை மக்கள் மனதிற் பதித்து, இத்தீவின் கண்களைப் பல நாடுகளுக்கும் அனுப்பிவைத்தது. அந்தப் பண்பாட்டின் தொடர்ச்சியாகவே உடல் நன்கொடையையும் நாம் காண்கின்றோம்.

ஆயினும் நன்கொடைகள் குறையும்போதெல்லாம், வைத்தியசாலைப் பிணவறைகளில் உரிமை கோரப்படாதிருக்கும் சடலங்களைப் பயன்படுத்தினால் என்ன என்ற வாதம் தலைதூக்குவதுண்டு. யாருக்கும் பயனின்றி அரச செலவிற் புதைக்கப்படவிருக்கும் உடல்தானே என்பது கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். இவ்விடத்திலேதான் நாம் மிகுந்த நிதானத்துடன் சிந்திக்க வேண்டியுள்ளது. ஏனெனில் இந்நாட்டில் "உரிமை கோரப்படாத" என்ற சொல்லுக்கு வேறெங்கும் இல்லாத ஒரு கனதி உண்டு. 2017ஆம் ஆண்டு முதல் வீதியோரக் கொட்டகைகளில் அமர்ந்து தமது பிள்ளைகளைத் தேடிய தாய்மாரில் பலர், விடை கிடைக்காமலே கண்மூடிவிட்டனர். 2025இல் செம்மணி, சித்துப்பாத்தி மயானத்தில் மண்ணுள்ளிருந்து என்புத் தொகுதிகள் வெளிப்பட்டபோது, அவற்றின் அருகே கிடந்த சிறு பொருட்களில் ஏதேனும் தமது பிள்ளையினுடையதாக இருக்குமோ என்று உறவுகள் தேடியதை நாடே பார்த்தது. உரிமை கோரப்படாத சடலம் என்று பதிவேட்டில் எழுதப்படும் ஒருவரை எங்கோ ஒரு வீட்டில் யாரோ தேடிக்கொண்டிருக்கக்கூடும். தேடுவோரின் கைக்கு எட்டாத உடலை "எவருக்கும் உரியதல்ல" என்று கூற எவருக்கும் உரிமையில்லை.

உடல் மீது அரசுக்கு அளவற்ற அதிகாரம் இருக்கும்போது விளையும் துயரத்தையும் நாம் அண்மையிலேயே கண்டோம். கொரோனாத் தொற்றினால் மரணித்தோரைத் தகனம் செய்தே ஆகவேண்டுமென 2020 ஏப்ரலில் பிறப்பிக்கப்பட்ட கட்டளை, நல்லடக்கத்தை மார்க்கக் கடமையாகக் கொண்ட முஸ்லிம் மக்களை ஆறாத வேதனையில் ஆழ்த்தியது. 2021 பெப்ரவரியிலேயே அது நீக்கப்பட்டது. அரசு மன்னிப்புக் கோருவதற்கு 2024 ஆனது. இறந்தவருக்கு வலிக்காது என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் இறந்தவரின் விருப்பமும் நம்பிக்கையும் அவருடன் சேர்ந்து இறந்துவிடுவதில்லை.

அப்படியாயின், இறந்தவரின் விருப்பத்துக்கும் குடும்பத்தவரின் விருப்பத்துக்கும் முரண்பாடு எழும்போது எதனை ஏற்பது? கேரளாவின் மூத்த மார்க்சிஸ்ட் தலைவர் எம்.எம். லோரன்ஸ் 2024 செப்டெம்பரில் காலமானபோது இக்கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. உடலை மருத்துவக் கல்லூரிக்கு வழங்குவதே தந்தையின் விருப்பமென மகன் கூற, கிறிஸ்தவ முறைப்படி நல்லடக்கம் செய்யவேண்டுமென மகள் வாதாடினார். உயர் நீதிமன்றம் நன்கொடையை ஏற்றது. 2025 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. எனினும் ஒரு தந்தையின் உடல் பிணவறையில் இருக்க, பிள்ளைகள் மாதக்கணக்கில் வழக்காடியமை எவருக்கும் மகிழ்ச்சி தரக்கூடியதன்று. விருப்பத்தை எழுத்தில் வைத்தல் மட்டும் போதாது. உயிருடன் இருக்கும்போதே குடும்பத்தினரை அருகில் இருத்திப் பேசிவைத்தலும் நன்கொடையின் ஒரு பகுதியென்றே நாம் கருதுகின்றோம்.

குடும்பத்தினரின் தயக்கத்தை மூடநம்பிக்கை என்று தட்டிக்கழிப்பதும் தவறாகும். அஸ்தியைக் கீரிமலையிற் கரைத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்து மனம் ஆறும் ஒரு சமூகத்தில், சாம்பல்கூட இல்லாத பிரிவு பெருந்துயரமே. இருந்தபோதிலும் வச்சிராயுதத்துக்காகத் தன் என்பையே ஈந்த ததீசி முனிவரையும், புறாவுக்காகத் தன் தசையை அரிந்திட்ட சிபியையும் போற்றும் மரபும் எம்முடையதே. கிரியைகளை உடலின்றியும் செய்யமுடியுமென்பதை எமது குருமார் மக்களுக்கு எடுத்துரைப்பின் பல குடும்பங்களின் மனப்பாரம் குறையும். உடலின் முழுமையைப் பேணி விரைந்து நல்லடக்கம் செய்வதைக் கடமையாகக் கொண்டோரின் நிலைப்பாடும் அதேயளவு மதிக்கப்படவேண்டும். நன்கொடை என்பது மறுக்கும் உரிமை இருக்கும்போது மட்டுமே நன்கொடையாகின்றது.

கொடுப்பவருக்குக் கடமை உண்டெனில் பெறுபவருக்கு அதனிலும் பெரிய கடமை உண்டு. தாய்வானின் சூச்சி பல்கலைக்கழகத்தில் உடலளித்தவர்களை "மௌன ஆசான்கள்" என்று அழைக்கின்றனர். மாணவர்கள் முன்கூட்டியே அவர்களது வீடுகளுக்குச் சென்று, அவர்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்பதைக் குடும்பத்தினரிடம் கேட்டறிகின்றனர். கற்கை முடிந்ததும் உடலைத் தம் கைகளாலேயே தைத்து, ஆடை அணிவித்து, குடும்பத்தினருடன் இறுதிச் சடங்கிலும் பங்கேற்கின்றனர். இலக்கமிடப்பட்ட ஒரு பொருளாக அன்றி, பெயரும் வாழ்வும் உள்ள ஒருவராக அந்த உடலை அறிந்த மாணவர், நாளை நோயாளியையும் கட்டில் இலக்கமாகப் பார்க்கமாட்டார்.

எமது மருத்துவபீடங்களும் சில விடயங்களைப் பகிரங்கமாகவும் தெளிவாகவும் மக்களுக்கு அறிவித்தல் நன்று. உடல் எவ்வளவு காலம் வைத்திருக்கப்படும், முடிவில் எவ்வாறு அடக்கமோ தகனமோ செய்யப்படும், குடும்பத்தினர் அதிற் கலந்துகொள்ள முடியுமா என்பன தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுக்கப்பட வேண்டும். பிரேத பரிசோதனைக்கு உட்பட்ட உடல்களும் சில தொற்றுநோய்களால் இறந்தோரின் உடல்களும் பொதுவாக ஏற்கப்படுவதில்லை என்பதை முன்னரே கூறிவிட்டால், இறுதி நேரத்தில் "அப்பாவின் உடலை வேண்டாமென்றுவிட்டார்கள்" என்ற மனத்தாங்கல் எழாது. உடற்கூற்றுக் கூடத்தினுள் கைத்தொலைபேசிப் படப்பிடிப்பு முற்றாகத் தடுக்கப்படவேண்டும். உடலுக்கோ அதன் பாகத்துக்கோ எவ்விடத்திலும் பணம் கைமாறக்கூடாது. எடின்பரோவில் நடந்ததெல்லாம் ஏழு பவுண் பத்து ஷில்லிங்கில் தொடங்கியது என்பதை மறத்தலாகாது.

கணினியும் முப்பரிமாணப் படிமங்களும் வந்துவிட்ட இக்காலத்தில் உடல் எதற்கு என்று கேட்போரும் உளர். பிரித்தானியாவில் 2002இல் ஆரம்பிக்கப்பட்ட மருத்துவக் கல்லூரியொன்று கூறாய்வு இன்றியே கற்பிக்கத் துணிந்தது. தொழில்நுட்பம் உடல்களின் தேவையைக் குறைக்கும் என்பதில் ஐயமில்லை. அதனை நாம் வரவேற்கின்றோம். ஆனால் திரையில் தோன்றும் உடல் எல்லோருக்கும் ஒன்றே. உண்மையான உடல்களோ ஒவ்வொன்றும் வேறு. சத்திரசிகிச்சைத் துறையில் பயில்வோருக்கேனும் உண்மையான உடலின் தேவை இன்னும் நெடுங்காலம் நீடிக்கவே செய்யும்.

ஆகவே, மருத்துவபீடங்களில் உடல்களுக்குத் தட்டுப்பாடு ஏற்படுமாயின், அதற்கான பரிகாரத்தைப் பிணவறையிற் தேடாது மக்களின் மனங்களிலேயே தேடவேண்டும். வாழும்போது குரலற்றிருந்தவரை இறந்த பின்னரும் குரலற்றவராக்கிப் பெறும் அறிவு எமக்கு வேண்டாம். இவ்வாக்கத்தை வாசிக்கும் எவரும் இன்றே படிவத்தில் ஒப்பமிடவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. ஆனால் அடுத்த முறை மரண அறிவித்தலில் அந்த வசனத்தைக் காணும்போது, வீட்டிலுள்ளோருடன் ஒரு தடவையாவது அதுபற்றிப் பேசிப்பாருங்கள். ஆம் என்றாலும் இல்லை என்றாலும், அது உங்கள் வாயாலேயே சொல்லப்பட்டதாக இருக்கட்டும்.